ஆகஸ்டில் 12 நாள் லீவு: சர்ஃபிங் கற்க வெலிகமவா, பாலியா, வேறெங்காவதா?

மதுரைமீனா | மே 18

வணக்கம். வயது 33, சொந்த ஊர் மதுரை, வேலைக்காகச் சென்னை வந்து எட்டு வருடம் ஆகிறது. போன பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் முதல்முறையாகப் போர்டில் குப்புறப் படுத்தேன். பின்னாலிருந்து வந்த நுரை அலை ஒன்று என்னைத் தூக்கிக் கரைவரை கொண்டுவந்து விட்டது. ஐந்தாறு விநாடிதான் இருக்கும். அன்று இரவு கண்ணை மூடினால் படுக்கை நகர்கிற மாதிரியே இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போனேன். மூன்றாவது ஞாயிறு இரண்டு தடவை எழுந்து நின்றேன். ஆனால் இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுப் போவதால் உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே இடத்தில் தங்கி, தினமும் காலையில் கடலில் இறங்கி, ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆசை. ஆகஸ்ட் 8 முதல் 19 வரை லீவு கிடைத்திருக்கிறது. கூட ஒரு தோழி வருகிறாள், அவளுக்குச் சர்ஃபிங் தெரியாது. அவளுடைய அக்கா போன ஜனவரியில் இலங்கையின் தெற்குக் கரையிலுள்ள வெலிகம போய்வந்து ஆஹா ஓஹோ என்று சொன்னதால் அங்கேதான் போக வேண்டும் என்கிறாள். அலுவலகத்தில் ஒருவர் பாலிதான் என்கிறார். டிக்கெட் உட்பட ஆளுக்கு ஒன்றேகால் லட்சத்துக்குள் முடிக்க வேண்டும்.

எனக்கு இருக்கிற பெரிய பயம் பவளப்பாறை. கோவளத்தில் விழுந்தால் மணல், அதனால் தைரியமாக விழுந்தேன். பாறை மேல் அலை உடைகிற படங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நீச்சல் குளத்தில் நிற்காமல் 100 மீட்டர் போவேன், கடலில் தனியாக நீந்தியதில்லை. இன்னொன்று, எட்டடி சாஃப்ட் போர்டு ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. வாங்கி எடுத்துக்கொண்டு போகலாமா, அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லதா?

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்டிகார்த்தி | மே 18

மீனா, தயவுசெய்து ஆகஸ்டில் வெலிகமவுக்கு டிக்கெட் போடாதீர்கள். உங்கள் தோழியின் அக்கா சொன்னது பொய்யில்லை, அவர் போனது ஜனவரி. ஜனவரி வெலிகமவும் ஆகஸ்ட் வெலிகமவும் வேறு வேறு கடல்.

நான் 2023 ஜூலையில் போனேன். யாரிடமும் கேட்காமல், விலை குறைவாக இருக்கிறதே என்று ஏழு நாள் அறை போட்டுவிட்டேன். விலை ஏன் குறைவு என்பது போய் இறங்கின மறுநாள் காலையில்தான் தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகள் மேல் நேராக அடிக்கும். கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்று அலையின் முதுகைத் தள்ளி, அது ஒழுங்காக எழும்புவதற்கு முன்பே கலைத்துவிடும். வெலிகம ஒரு குடா என்பதால் கொஞ்சம் மறைவு இருக்கிறது, வகுப்புகள் அப்போதும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழு நாளில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது இரண்டு காலைதான். மீதி நாளெல்லாம் மழைத்தண்ணீர் கலந்து பழுப்பாக இருந்த கடலில் எந்தத் திசையிலிருந்து அலை வரும் என்றே தெரியாமல் உருண்டுகொண்டிருந்தேன்.

அடுத்த ஜனவரியில் மறுபடி போனேன், அதே அறை, அதே கடற்கரை. காற்று இப்போது நிலத்திலிருந்து கடலுக்கு வீசியது. அலை வரிசையாக, சீராக, முழங்காலிலிருந்து இடுப்பு வரை உயரத்தில், மணலின் மேல் உடைந்தது. முதல்நாளே பத்துப் பதினைந்து தடவை நின்றேன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை லீவு கிடைக்கிற யாராக இருந்தாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு வெலிகம என்றுதான் சொல்வேன். கொழும்புக் கோட்டையிலிருந்து கடலை ஒட்டியே போகிற ரயில் இருக்கிறது, அந்தப் பயணத்துக்காகவே போகலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சீசனில் கூட்டம் அதிகம். என் குழுவில் ஒரு பயிற்சியாளருக்கு ஆறு பேர். நான் அலைக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் மற்றவர்களின் போர்டு என் தலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதிலேயே போனது. ஐந்தாம் நாள் ‘நீங்கள் தயார்’ என்று சொல்லி எங்கள் குழுவை மிதிகம பக்கம் ஒரு ரீஃபுக்கு, அதாவது அடியில் பாறை இருக்கிற இடத்துக்கு, கூட்டிப் போனார்கள். நான் தயாராக இல்லை. அலையைப் பிடிக்கத் தெரிந்தது, பிடித்த அலையில் திரும்பத் தெரியவில்லை, நேரே கல்லை நோக்கிப் போய் முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தேன். எங்கே போனாலும் உங்களைத் தயார் என்று மற்றவர் சொல்ல விடாதீர்கள். அலையின் பக்கவாட்டில் இடமோ வலமோ நினைத்தபடி திரும்ப வருகிறதா? வந்தால் ரீஃபைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் மணல்தான்.

அக்கரைப்பற்றான் | மே 19

தங்கச்சி, கார்த்தி சொன்னது சரி. தெற்கில் காற்று கெட்டுப்போகிற அதே மாதங்களில்தான் எங்கள் கிழக்குக் கரை திறக்கும். நீங்கள் ஆகஸ்டில் வருவதென்றால் அறுகம்குடாவுக்கு வாங்கோ.

இடம் பொத்துவிலுக்குச் சற்றுத் தெற்கே, அம்பாறை மாவட்டம். சர்ஃப் கடைகள், அறைகள் எல்லாம் இருக்கிற ஊருக்கு உல்லை என்று பெயர். நான் பக்கத்தில் அக்கரைப்பற்று, சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். 2004 சுனாமியில் அந்தக் கரையே துடைத்தெறியப்பட்டது. இப்போது நீங்கள் பார்க்கப் போகிற கடை, விடுதி பெரும்பாலும் அதற்குப் பிறகு எழும்பியவை.

எங்கள் பக்கம் அந்த மாதங்களில் வீசுவது கச்சான் காற்று. மேற்கேயிருந்து நிலத்தின் மேலாக வந்து கடலுக்குள் போகும், சூடாக, காய்ந்து. அலைக்கு எதிராக வீசுவதால் அலை நின்று, நிமிர்ந்து, மெல்ல உடையும். பத்துப் பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழும்பினால் எல்லாம் மாறிவிடும், ஆகவே காலையில் ஆறு மணிக்குத் தண்ணீரில் நிற்க வேண்டும். அலை வருவது எங்கேயோ தூரத்திலிருந்து. தென் இந்து சமுத்திரத்தில் 40 பாகை அட்சரேகைக்கும் கீழே புயல் அடித்துக் கிளப்பிய அலை பல நாள் பயணம் செய்து, இலங்கையின் தென்கிழக்கு முனையைச் சுற்றி வளைந்து, எங்கள் கரையிலுள்ள ஒவ்வொரு முனையிலும் வலப்பக்கமாக உரிந்துகொண்டு போகும். இந்தக் கரையில் ஏறக்குறைய எல்லாமே ரைட். இடது காலை முன்னே வைத்து நிற்பவர் என்றால் அலையைப் பார்த்தபடியே போகலாம், கற்பவருக்கு அது பெரிய உதவி.

படத்தில் பார்த்து நீங்கள் பயந்தது மெயின் பாயிண்டாக இருக்கும். அது உல்லைக்குத் தெற்கு முனை, அடியில் கல்லும் பாரும் (கடலடிப் பாறை), நல்ல நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு அலை ஓடும், சரியான சனக்கூட்டம். அங்கே நீங்கள் கரையில் இருந்து பாருங்கள், இறங்க வேண்டாம். அதன் உட்பக்கம் பேபி பாயிண்ட் என்று சொல்வார்கள், அலை சின்னது, ஆனால் அங்கேயும் ஆங்காங்கே கல் உண்டு. உங்களுக்கு நான் சொல்வது விஸ்கி பாயிண்ட். பொத்துவில் டவுனுக்கு வடக்கே, உல்லையிலிருந்து ஆட்டோவில் போகலாம். பெரும்பாலும் மணல், ஓரத்தில் கொஞ்சம் பாறை, கற்றுக்கொடுப்பவர்கள் தினமும் ஆட்களைக் கூட்டிப் போகிற இடம். தெற்கே பாணமைப் பக்கம் போனால் பீனட் ஃபார்ம், யானைப்பாறை. அலை பெரிதாக இல்லாத நாளில் யானைப்பாறை மணல் மேல் நன்றாக இருக்கும். (எங்கள் தமிழில் கச்சான் என்றால் காற்றும் அதுதான், நிலக்கடலையும் அதுதான். பீனட் ஃபார்மைக் கச்சான் தோட்டம் என்று சொன்னால் இரண்டுமே பொருந்தும்.)

இரண்டு விஷயம் கவனம். கடலை ஒட்டியிருக்கிற களப்புகளில் (உப்பங்கழிகளில்) முதலை உண்டு. உப்புக் கழுவவென்று களப்பில் இறங்கவே கூடாது, கரை ஓரத்தில்கூட நிற்க வேண்டாம். பாணமை ரோட்டில் பொழுது சாய்ந்தால் யானை வரும், ஐந்து மணிக்கு முன் திரும்பிவிடுங்கள்.

பெண்கள் இருவர் தனியே வருவதால் சொல்கிறேன். உல்லைக் கடற்கரையில் வெளிநாட்டுப் பெண்கள் எந்த உடையிலும் இருப்பார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பொத்துவில் டவுன் முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் ஊர், அங்கே கடைக்குப் போகும்போது மூடிய உடை போட்டால் மரியாதையாக இருக்கும். 2018-இல் அறுகம்குடாப் பெண்கள் சேர்ந்து ஒரு சர்ஃப் கழகம் தொடங்கினார்கள், இலங்கையில் பெண்களுக்கென்று வந்த முதல் கழகம் அது. ஊர்ப் பெண்கள் அலையேறுவதை நீங்கள் அங்கே காணலாம். எங்கள் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளங்காது. சின்ன வயதில் என் தங்கச்சிக்குக் கடலில் கால் நனைக்கக்கூட அனுமதி இல்லை.

வழி: கொழும்பிலிருந்து வேனில் ஏழெட்டு மணித்தியாலம். அல்லது மட்டக்களப்பு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பஸ். நீங்கள் தமிழ் கதைப்பதால் இந்த வழி நெடுக உங்களுக்கு ஒரு கஷ்டமும் இராது.

கோவைலாவண்யா | மே 19

நான் பாலியில் கற்றவள், அதனால் பாலிக்காகவும் பேசிவிடுகிறேன். ஆகஸ்ட் அங்கேயும் நல்ல மாதம்தான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், தென்கிழக்கிலிருந்து வருகிற காற்று மேற்குக் கரைக்கு நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்.

கற்பவர்களுக்குக் குட்டா, லெகியன் கடற்கரை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, நீளமான மணல் கரை. 1930களில் ராபர்ட் கோக் என்ற அமெரிக்கர் அங்கே கடலோரத்தில் ஹோட்டல் நடத்தியபோது போர்டில் அலையேறினார், பாலியில் சர்ஃபிங் அவரிடமிருந்து ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். நான் முதல் நான்கு நாள் குட்டாவில் நுரையில் மட்டும் இருந்தேன், பிறகு சங்கு (Canggu) என்ற ஊரில் பாத்து போலோங் (Batu Bolong) கடற்கரைக்குப் போனேன். அங்கே அலை மெதுவாக உடையும், நீளப் போர்டுக்கு ஏற்ற அலை, ஆனால் ஆகஸ்டில் கூட்டம் பயங்கரம். காலை ஆறரைக்கு எண்ணினேன், என்னைச் சுற்றி அறுபதுக்கும் மேல் போர்டு.

பாலியில் ஏற்றவற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது. இலங்கையில் கடல்மட்டத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. பாலியில் பௌர்ணமி, அமாவாசை சமயத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் போகும். காலையில் கழுத்தளவு தண்ணீர் இருந்த இடத்தில் மதியம் ரீஃப் வெளியே தெரியும். நான் எட்டாம் நாள் உலுவத்து பக்கம் ஒரு சின்னக் கடற்கரைக்குப் போனேன், மேலே பாறை, கீழே படிக்கட்டு இறங்கிப் போகணும், பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. விழுந்தபோது பழக்கதோஷத்தில் காலை ஊன்றினேன், பாதம் முழுக்கக் கடல்முள்ளெலியின் முள். பவளம் கீறிய காயத்தைச் சாதாரணக் கீறலாக நினைத்து விட்டுவிட்டேன், நான்கு நாளில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்து, மீதிப் பயணம் அறையிலேயே முடிந்தது. பவளக்காயம் பட்டால் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு, வலித்தாலும் பரவாயில்லை என்று உள்ளே இருக்கிற துகள் போகிறவரை தேய்த்துக் கழுவணும், சுற்றிலும் சிவந்தால் அன்றே டாக்டரிடம் போகணும். இதைக் கோவளத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அங்கே வரவில்லை.

செலவைப் பொறுத்தவரை, சென்னையிலிருந்து நான் சிங்கப்பூர் மாறித்தான் போனேன், கோலாலம்பூர் வழியாகவும் போகலாம், போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்திறங்கி வாங்கும் விசா 30 நாளுக்கு 5 லட்சம் ரூபியா, அது போக 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்குள் வர 1,50,000 ரூபியா தனியாகக் கட்டணும். விதிகள் மாறும், கிளம்பும் முன் அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பாலி மிகவும் பிடிக்கும். காலையில் கடற்கரைக்குப் போகிற வழியெல்லாம் தென்னங்குருத்தில் சின்னத் தட்டு பின்னி, பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றி வைத்திருப்பார்கள், அதை மிதிக்காமல் தாண்டிப் போகிற அந்த நடையே மனதை அமைதியாக்கிவிடும். ஆனாலும் உங்களுக்குப் பன்னிரண்டே நாள், மணல் வேண்டும், பட்ஜெட்டும் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த முறை அறுகம்குடா போய், அலையில் திரும்பக் கற்றுக்கொண்ட பிறகு பாலிக்கு மூன்று வாரம் எடுத்துப் போவேன்.

மதுரைமீனா | மே 20

எல்லோருக்கும் நன்றி. தோழியிடம் காற்று விஷயத்தைச் சொன்னேன், அவளே இப்போது அறுகம்குடா என்று சொல்லிவிட்டாள்.

இன்னும் மனதில் ஓடுவது நீச்சல்தான். கோவளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பக்கத்திலேயே பயிற்சியாளர் நிற்பார். அங்கே கால் எட்டாத இடத்துக்குப் போய், கடல் உள்ளே இழுத்தால் என்ன செய்வது? 100 மீட்டர் நீச்சல் போதுமா? இன்னும் பதினொரு வாரம் கையில் இருக்கிறது, அதற்குள் என்ன செய்யலாம்?

கோவளம்_கடலோடி | மே 21

அக்கா, நான் கோவளம் குப்பம்தான், அப்பா மீன்பிடிக்கப் போறவர், நான் பத்து வருடமாகச் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறேன். நீச்சலைப் பற்றி நீங்களே கேட்டது நல்லது. பாதிப் பேர் கேட்பதே இல்லை.

100 மீட்டர் போதாது. நிற்காமல் 400 மீட்டர் வர வேண்டும். வேகம் வேண்டாம், மூச்சு வாங்காமல் வந்தால் சரி. பதினொரு வாரத்தில் வாரம் மூன்று நாள் போனால் தாராளமாக வரும். அதோடு தினமும் தரையில் குப்புறப் படுத்து, நெஞ்சைத் தூக்கி, ஒரே மூச்சில் எழுந்து நிற்கிற பயிற்சி முப்பது தடவை. முழங்காலை ஊன்றி எழுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் வீட்டிலேயே அதை விட்டுவிட்டுப் போங்கள், அங்கே போய் விடுவது கஷ்டம். உண்மையில் சர்ஃபிங்கில் நிற்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம், மீதி எல்லாம் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதுதான். தோள் ஓய்ந்துபோனால் அலை பிடிக்க முடியாது.

கடல் உள்ளே இழுப்பதைப் பற்றி. கரையில் நின்று பத்து நிமிடம் பாருங்கள், உடனே இறங்காதீர்கள். எல்லா இடத்திலும் வெள்ளையாக அலை உடையும், நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கலங்கி, நுரை கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குவார். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நேரே நீந்தாதீர்கள், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் களைத்துப்போவோம். போர்டில் படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போங்கள், அலை உடைகிற இடம் வந்ததும் நுரையே உங்களைக் கரைக்குத் தள்ளும். முடியவில்லையா, போர்டில் உட்கார்ந்து கையைத் தூக்குங்கள். எந்த நேரத்திலும் போர்டை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. போர்டு மிதக்கிறவரை நீங்களும் மிதப்பீர்கள்.

விழும்போது தலைகீழாகப் பாயாதீர்கள். முதுகோ பக்கமோ தட்டையாக விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, மேலே வந்ததும் முதலில் போர்டு எங்கே என்று பாருங்கள். உங்களுக்கும் வருகிற அலைக்கும் நடுவில் போர்டு குறுக்கே இருக்கவே கூடாது, அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். போர்டையும் காலையும் இணைக்கிற கயிற்றை, லீஷை, கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், விரல் போய்விடும்.

இன்னொன்று, அலை நிலவரம் காட்டுகிற மொபைல் ஆப்பில் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நம் பக்கம் பக்கத்தில் வீசுகிற காற்று கிளப்பும் அலை அதிகம், ஏழெட்டு விநாடிக்கு ஒன்று வரும். அக்கரைப்பற்று அண்ணன் சொன்ன தூரத்து அலை 14, 15 விநாடிக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரு மீட்டர் என்றே போட்டிருக்கும், ஆனால் 14 விநாடி அலைக்கு 7 விநாடி அலையை விட இரண்டு மடங்கு பலம். பார்த்தால் சின்னதாகத் தெரியும், வந்து தூக்கும்போதுதான் தெரியும். முதல்நாள் நுரையிலேயே இருந்து அந்தப் பலத்தை உடம்புக்குப் பழக்குங்கள்.

எல்லோரும் அலைக்குக் காத்திருக்கிற இடத்தில், லைன் அப்பில், போய் உட்கார்ந்தால், அலை முதலில் உடைகிற இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அலை அவருடையது. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் அதில் ஏறக் கூடாது. எங்கள் கடலில் ஒருவர் விரித்த வலைக்குக் குறுக்கே இன்னொருவர் வலை போடமாட்டார், அதே மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டிகார்த்தி | மே 21

போர்டு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எடுத்துப் போகாதீர்கள். எட்டடிப் பெட்டிக்கு விமானத்தில் தனிக்கட்டணம், எல்லா விமானத்திலும் ஏற்றவும் மாட்டார்கள், பிறகு எட்டு மணி நேரம் வேன் கூரையில் கட்ட வேண்டும். வாடகைக்கு எடுத்தால் முதல் நான்கு நாள் ஒன்பதடி, அப்புறம் எட்டடி என்று மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பழைய போர்டை வாங்கிக் கோவளத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

பயணக் காப்பீட்டில் சர்ஃபிங் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். சாகச விளையாட்டு என்று சொல்லிச் சில திட்டங்களில் விட்டுவிடுவார்கள். முழுக்கை லைக்ரா சட்டை இரண்டு, முகத்துக்கு ஜிங்க் கிரீம், காலுக்கு ரப்பர் ஷூ. இவ்வளவு போதும்.

மதுரைமீனா | செப்டம்பர் 2

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதினீர்கள், நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

கிளம்பும்போது 450 மீட்டர் நீச்சல் வந்திருந்தது. உல்லையில் ஒன்பது இரவு தங்கினோம். ஒரு பயிற்சியாளருக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டேன், கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் அதுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த மிகச் சரியான காரியம். தினமும் ஐந்தரைக்கு ஆட்டோ, ஆறு மணிக்கு விஸ்கி பாயிண்ட்.

கடலோடி தம்பி சொன்ன பலம் முதல் அலையிலேயே தெரிந்தது. முட்டியளவு நுரை, அவ்வளவுதான், ஆனால் அது என்னைத் தள்ளின தள்ளில் எழுந்து நிற்கவே தோன்றவில்லை, போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரைவரை படுத்தே வந்தேன். மூன்று நாள் நுரையை விட்டு வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தோளைத் தூக்க முடியாமல் தோழிதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். அவளும் இரண்டாம் நாளிலிருந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள், என்னைவிடச் சீக்கிரம் நின்றாள்.

நான்காம் நாள் காலையிலேயே காற்று திரும்பிவிட்டது, கடலில் இறங்கவில்லை. பாணமை வழியாக உகந்தைமலை முருகன் கோயிலுக்குப் போனோம். கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக நடந்து போகிறவர்கள் கிளம்புகிற இடம், ஆடித் திருவிழா முடிந்து கோயில் அமைதியாக இருந்தது. சன்னதியில் நின்றால் அலைச்சத்தம் கேட்கிறது. கோயிலுக்குப் பக்கத்துக் கடலில் இரண்டு பேர் போர்டில் உட்கார்ந்து அலைக்குக் காத்திருந்தார்கள். அக்கரைப்பற்று அண்ணா, இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை? அம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அதுவரை இந்தப் பயணமே பிடிக்காமல் இருந்தவர், விபூதி எடுத்து வா என்றார்.

ஆறாம் நாள்தான் உடையாத பச்சை அலை. பயிற்சியாளரிடம் இன்று தள்ளிவிடாதீர்கள், நானே போகிறேன் என்று சொல்லியிருந்தேன். எட்டு அலையை விட்டேன், ஒன்று என்னை விட்டுவிட்டுப் போனது, ஒன்று தலைக்கு மேல் உடைந்து சுழற்றிப் போட்டது. பத்தாவதோ பதினொன்றாவதோ, கையால் மூன்று தடவை தள்ளினதும் போர்டின் வால் மெல்லத் தூக்குவது வயிற்றில் தெரிந்தது, எழுந்தேன். நுரையில் வரும்போது காதுக்குப் பக்கத்தில் ஒரே இரைச்சல். இதில் சத்தமே இல்லை. போர்டுக்கு அடியில் தண்ணீர் கிழிகிற மெல்லிய ஓசை மட்டும். வலது பக்கம் பார்த்தேன், பார்த்த பக்கமே போர்டு திரும்பியது. லாவண்யா, அந்தத் திருப்பம் வந்ததும் உங்களைத்தான் நினைத்தேன்.

அன்று மூன்று அலை, மறுநாள் ஐந்து, கடைசி நாள் காலையில் ஏழு. அடி என்று பார்த்தால் கெண்டைக்காலில் போர்டின் அடியிலுள்ள துடுப்பு (ஃபின்) பட்டு ஒரு வெட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், ஆறிவிட்டது. ரீஃபில் இறங்கவே இல்லை. ஒரு சாயங்காலம் மெயின் பாயிண்டில் கரையில் உட்கார்ந்து பார்த்தேன், ஊர்ப் பெண் ஒருத்தி, இருபது வயது இருக்கும், முழுக்கை சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, அலை உடைகிற முனையிலிருந்து நாங்கள் உட்கார்ந்திருந்த இடம்வரை ஒரே அலையில் வந்து இறங்கிப் போர்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடந்து போனாள். நானும் தோழியும் வெகுநேரம் பேசவே இல்லை.

டிக்கெட், வேன், அறை, வகுப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் ஆனது.

கடலோடி தம்பி, அந்தப் பழைய எட்டடிப் போர்டை நேற்று வாங்கிவிட்டேன். மூக்குப் பக்கம் ஒரு கிழிசல் இருக்கிறது, எப்படி ஒட்டுவது என்று தெரியவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோவளம் எடுத்து வருகிறேன், இருப்பீர்களா?

கோவளம்_கடலோடி | செப்டம்பர் 2

இருப்பேன் அக்கா. ஆறுக்கு வேண்டாம், ஐந்தரைக்கு வாங்க. ஒட்டினால் காய நேரம் ஆகும், அதுவரை என் போர்டில் இறங்கலாம்.